இடித்த பிறகு, கட்டும் முன்

1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை. லண்டன் மாநகரின் நடுவே, போர்க்காலக் குண்டுவீச்சில் தரைமட்டமான ஒரு மனையில் அகழாய்வு முடிகிற நாள். மறுவாரம் கட்டடக்காரர்கள் வந்துவிடுவார்கள். அந்த நாளில்தான் மண்ணுக்குள்ளிருந்து பளிங்கில் செதுக்கிய ஓர் இளைஞனின் தலை வெளிப்பட்டது. கூம்புத் தொப்பி, மேல்நோக்கிய பார்வை. ரோமானியப் படைவீரர்களும் வணிகர்களும் மறைவாக வழிபட்ட மித்ரஸ் என்ற கடவுளின் தலை அது. சில நாட்களாகவே அங்கே ஒரு நீள்சதுரக் கட்டடத்தின் அடிச்சுவர்கள் தெரிந்துகொண்டிருந்தன. தலை கிடைத்ததும் அது கோயில்தான் என்பது உறுதியாயிற்று. கி.பி. 240 வாக்கில் கட்டப்பட்ட கோயில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. அலுவலகம் முடிந்து வீடு திரும்ப வேண்டிய மக்கள், சேறும் இடிபாடுமாகக் கிடந்த அந்தப் பள்ளத்தைப் பார்க்கத் தெருத்தெருவாக வரிசையில் நின்றார்கள். இரண்டு வாரங்களில் சுமார் 4 லட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கிடுகிறார்கள். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. உணவுப் பங்கீட்டு அட்டை ஒழிந்ததே அந்த ஆண்டில்தான். கோயிலை என்ன செய்வது என்று பிரதமர் சர்ச்சிலின் அமைச்சரவை கூடிப் பேசியது. அந்த இடத்திலேயே காப்பாற்றினால் எழவிருந்த பக்லர்ஸ்பரி ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடத்தின் திட்டமே மாறும். அதற்கான இழப்பீட்டைத் தர அரசிடம் பணமில்லை. எனவே கற்களைக் கழற்றி அடுக்கிவைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1962-இல், சுமார் நூறு மீட்டர் தள்ளி, தெருமட்டத்தில், சிமெண்டுப் பூச்சோடு மறுபடி அடுக்கினார்கள். தரைக்கடியில் இருந்த பள்ளக் கோயில் மேடைமேல் ஏறியது.

அகழாய்வை நடத்திய டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் கோயிலைத் தேடி அங்கே போகவில்லை. வால்புரூக் என்ற சிற்றோடை ஒருகாலத்தில் அந்த வழியே ஓடித் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதன் பழைய படுகை எப்படி இருந்தது என்று அறியக் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டினார். அவர் கையில் இருந்தது குறைந்த நிதி, சிறிய குழு, குறுகிய பள்ளங்கள். அந்தப் பள்ளங்களுக்கு வெளியே இருந்த மண்ணைப் பற்றிச் சட்டமும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 4 லட்சம் பேர் கோயிலைப் பார்த்தார்கள். சுற்றியிருந்த கருஞ்சேற்றைப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்த அத்தியாயம் அந்தச் சேற்றைப் பற்றியது. அதே மனை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து மறுபடி தோண்டப்பட்டது. முதல் தோண்டலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே மாறியது என்ன என்பதே என் கேள்வி. கருவிகள் மாறின என்பது பதிலின் சிறு பகுதி. பெரிய மாற்றம், யார், எப்போது, யார் செலவில் தோண்டுவது என்பதில் நடந்தது.

நகரத்தின் தரை ஏன் உயர்கிறது? கிராமத்தில் ஒரு மண்வீடு விழுந்தால் பக்கத்தில் வேறொன்றைக் கட்டலாம். நகரத்தில் மனை விலை அதற்கு இடம் தராது. விழுந்ததன் மேலேயே கட்டவேண்டும். இடிந்த சுவரை வண்டி வைத்து வெளியேற்றுவதைவிட நிரவிவிட்டு மேலே தளம் போடுவது மலிவு. மழை, சேறு, சாணம், அடுப்புச் சாம்பல், எலும்பு, உடைந்த பானை எல்லாம் அதோடு சேரும். தீ விபத்து வந்தால் ஒரே நாளில் ஒரு சாண் உயரும். இப்படி 2,000 ஆண்டுகள் உயர்ந்த தரையில்தான் இன்றைய லண்டன் நிற்கிறது. வால்புரூக் பள்ளத்தாக்கில் ரோமானியர் நடந்த தரை இன்றைய தெருவுக்குச் சுமார் 7 மீட்டர் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கே இன்று கண்ணுக்குத் தெரியாது. ஓடையும் மேடும் பள்ளமும் குப்பையால் நிரம்பி மறைந்துவிட்டன.

படிந்ததோடு நின்றிருந்தால் வேலை எளிது. மேலிருந்து கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகும். நகரவாசிகள் சும்மா இருப்பதில்லை. கிணறு வெட்டுகிறார்கள், கழிவுக்குழி தோண்டுகிறார்கள், கல்லறைக் குழி எடுக்கிறார்கள், பழைய சுவரின் கல்லைத் திருடப் பள்ளம் பறிக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக் கழிவுக்குழி ஒன்று மூன்றாம் நூற்றாண்டுத் தளத்தைத் துளைத்து முதல் நூற்றாண்டுச் சேற்றில் போய் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு கட்டப்பட்ட கீழ்த்தளங்களோ ஓர் ஆயிரம் ஆண்டை மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டன. லண்டனில் தோண்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, இரண்டு கீழ்த்தளங்களுக்கு நடுவே தப்பிய ஒரு மண்துண்டு.

அந்தத் துண்டை எப்படிப் படிப்பது? பழைய முறை, சதுரக் குழி வெட்டிப் பக்கச் சுவரில் தெரியும் அடுக்குகளை வரைந்துகொள்வது. திறந்த வெளியில் அது ஓரளவு பயன்படும். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும் நகர மண்ணில் அந்தப் பக்கச் சுவர் எதைக் காட்டுகிறதோ அது மட்டுமே தெரியும். கையெட்டும் தூரத்தில் உள்ள குழி அதில் தெரியாமலே போகும். 1973-இல், வின்செஸ்டர் நகர அகழாய்வின் குவிந்துகிடந்த பதிவுகளோடு போராடிக்கொண்டிருந்த எட்வர்டு ஹாரிஸ் என்ற இளைஞர் ஒரு வழி கண்டார். மண்ணில் நடந்த ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் கொடு. தளம் போட்டது ஒரு செயல். குழி வெட்டியது ஒரு செயல். அந்தக் குழி நிரம்பியது இன்னொரு செயல். வெட்டிய குழி என்பது வெறும் வெற்றிடம். அதில் எடுத்து வைக்கப் பொருள் எதுவும் இல்லை. இருந்தும் அதற்கும் எண் உண்டு, ஏனென்றால் யாரோ ஒருவர் ஒரு நாள் அதை வெட்டினார். பிறகு எது எதற்கு முந்தியது என்ற உறவை மட்டும் கோடு போட்டு இணைத்துக்கொண்டே போனால், கடைசியில் ஒரு குடும்பத்தின் வம்சாவளிப் படம் போல அந்த மனையின் முழு வரலாறும் ஒரு தாளில் வந்துவிடும்.

லண்டனின் நகரத் தொல்லியல் துறையும் அதே 1973-இல்தான் தொடங்கியது. கட்டுமான வேகம் இப்படியே போனால் ஒரு தலைமுறைக்குள் லண்டனின் கடந்தகாலம் முழுவதும் அள்ளிக் கொட்டப்பட்டுவிடும் என்று ஆய்வாளர்கள் அந்த ஆண்டு எச்சரித்திருந்தார்கள். அந்தத் துறையின் இளைஞர்கள் ஹாரிஸின் எண்ணத்தை எடுத்து அன்றாட வேலை ஒழுங்காக்கினார்கள். ஒரு செயலை அடையாளம் காண். கரணையால் சுரண்டி அதன் எல்லையைக் கண்டுபிடி. அதை மட்டும் தனித்தாளில், நீரில் நனைந்தாலும் கெடாத பிளாஸ்டிக் தாளில், அளவு பிசகாமல் வரை. உயரம் குறி. மண்ணின் நிறம், பதம், கலவை எழுது. அதன் பிறகே அதை அகற்று. அடுத்த செயலுக்குப் போ. கடைசியாக நடந்ததை முதலில் எடுக்கவேண்டும். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது.

இதில் ஒரு வேதனை இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அகழ்வது என்றால் அழிப்பது. ஒரு தளத்தைப் பதிவு செய்து அகற்றிய பிறகு அந்தத் தளம் உலகத்தில் இல்லை. வேதியியல் சோதனையைப் பத்து முறை திரும்பச் செய்யலாம். வானியலார் அதே விண்மீனை நாளையும் பார்க்கலாம். தொல்லியலாளருக்கு ஒரே வாய்ப்பு. தாளில் ஏறாதது எதுவும் இனி இருக்காது. வெளியே ஜே.சி.பி. காத்திருக்க, கூரை போட்ட பள்ளத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில், காலடியில் நீர் ஊற ஊறப் பம்ப் ஓட, ஓர் ஆள் முழங்காலிட்டு வரைந்துகொண்டிருக்கும் அந்தத் தாள்தான் எஞ்சும் நகரம்.

இந்த வேலைக்கு யார் பணம் தருவது? 1970-களிலும் 80-களிலும் பதில் எளிதாக இல்லை. சட்டப்படி கட்டாயம் எதுவும் இல்லை. நல்ல மனமுள்ள கட்டடக்காரர் சில வாரங்களும் கொஞ்சம் நிதியும் தருவார். மனமில்லாதவர் தரமாட்டார். தொல்லியலாளர்கள் பேசிப் பேசி நாட்களை வாங்கினார்கள்.

1989-இல் தேம்ஸின் தென்கரையில் ஓர் அலுவலகக் கட்டடத்தை இடித்த இடத்தில் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்தது. 1587-இல் பிலிப் ஹென்ஸ்லோ கட்டியது. மார்லோவின் நாடகங்களும் ஷேக்ஸ்பியரின் தொடக்ககால நாடகங்களும் மேடையேறிய இடம். சாய்வான தரை, மேடையின் வடிவம், மரச்சுவரின் பல்கோண அடித்தடம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதுவரை எலிசபெத் காலத்து அரங்குகளைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓவியங்களையும் ஒப்பந்தத் தாள்களையும் வைத்துச் செய்த ஊகங்கள். தோண்ட ஒப்புக்கொண்ட கெடு முடிந்தது. நடிகர்களும் பொதுமக்களும் பள்ளத்தைச் சுற்றி நின்று லாரிகளை மறித்தார்கள். நோயுற்றிருந்த நடிகர் லாரன்ஸ் ஒலிவியே தன் ஆதரவைப் பதிவுசெய்து அனுப்பினார். அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க மறுத்தது. இறுதியில் கட்டடத்தின் தூண்களை இடம் மாற்றி, அரங்கின்மேல் பாலம்போல் கட்டடத்தை எழுப்பினார்கள். கீழே எஞ்சியதை மணல் மூடி, நீரில் மூழ்கவைத்தார்கள். மரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் இன்றும் அதன் பெரும்பகுதி நீருக்கடியில்தான் இருக்கிறது.

அந்தச் சண்டையில் எல்லாரும் தோற்றார்கள். கட்டடக்காரருக்குப் பெரும் பணம் போயிற்று, ஆய்வாளருக்கு முழு ஆய்வு போயிற்று, அரசுக்கு மானம் போயிற்று. காரணம் ஒன்றுதான்: கேள்வி கேட்கப்பட்டது மிகத் தாமதமாக. வரைபடத்துக்கு அனுமதி தந்து, கடன் வாங்கி, இரும்பு வந்து இறங்கிய பிறகு, மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். மறு ஆண்டு, 1990 நவம்பரில், இங்கிலாந்து அரசு நகர்த் திட்டமிடல் வழிகாட்டு நெறி ஒன்றை வெளியிட்டது. எண் 16. கட்ட அனுமதி தருவதா என்று முடிவெடுக்கும்போதே மண்ணுக்குள் இருப்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அழிக்கப்போகிறவரே ஆராய்ச்சிக்கும் பணம் தரவேண்டும். பக்க அளவில் சிறிய ஆவணம். இங்கிலாந்தின் கடந்தகாலத்தைப் பற்றி நாம் இன்று அறிந்ததில் மிகப் பெரும்பகுதி அந்தத் தாளிலிருந்து கிளைத்தது என்று சொல்லத் தயங்கமாட்டேன். எந்தத் தனி மேதையும் எந்தத் தனிக் கருவியும் அவ்வளவு மண்ணைத் திறந்துவிடவில்லை.

இப்போது வால்புரூக்குக்குத் திரும்பலாம். பக்லர்ஸ்பரி ஹவுஸ் தன் காலம் முடிந்து இடிக்கப்பட்டது. அங்கே புளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் வரவிருந்தது. 2010 முதல் 2014 வரை, லண்டன் அருங்காட்சியகத் தொல்லியல் குழுவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அந்த மனையில் இறங்கினார்கள். 1950-களின் அஸ்திவாரம் சிதைக்காமல் விட்ட பகுதிகளில் கையால் மட்டும் அள்ளிய மண் 3,500 டன். கிடைத்த பொருட்கள் 14,000-க்கும் மேல்.

எண்ணிக்கையைவிட அவற்றின் நிலைதான் பார்த்தவர்களைத் திகைக்கவைத்தது. ஊசிகளும் ஆணிகளும் துருப்பிடிக்காமல், அன்று கடையில் வாங்கியவைபோல மின்னின. தோல் செருப்புகளில் தையல் இருந்தது. கூடை முடைந்த குச்சி இருந்தது. கதவு ஒன்று இருந்தது. சுவர்ப்பலகைகள் மனிதனின் தோள் உயரத்துக்கு நின்ற இடத்திலேயே நின்றன. எல்லாம் அந்தச் சேறு செய்த வேலை. மரத்தையும் தோலையும் அரிப்பவை பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும். அவற்றில் மூர்க்கமானவற்றுக்கு உயிர்வளி வேண்டும். எப்போதும் நீர் தேங்கிய நெருக்கமான களிச்சேற்றில் காற்று கீழே இறங்குவதில்லை. உள்ளே இருந்த கொஞ்ச உயிர்வளியையும் முதலில் அழுகிய சாணமும் குப்பையும் தீர்த்துவிடும். அதன்பின் அரிக்க யாரும் இல்லை. உலோகம் துருப்பிடிக்கவும் உயிர்வளி வேண்டும் என்பதால் அதுவும் தப்பியது. ரோமானியர் ஓடைக்கரையை மீட்டு வீடு கட்ட விரும்பி, நகரத்துக் குப்பையையும் தொழுவச் சாணத்தையும் வண்டி வண்டியாகக் கொட்டி உயர்த்தினார்கள். தூக்கியெறிந்ததைக் காப்பதற்கு அதைவிட நல்ல பெட்டகம் அவர்களால் செய்திருக்க முடியாது.

அந்தக் குப்பையில் கிடந்தவற்றுள் எளிமையானவை, உள்ளங்கை அகல மரப்பலகைகள். மொத்தம் 405. லண்டனில் அதற்கு முன் கிடைத்தவற்றுள் படிக்க முடிந்தவை 19 மட்டுமே. பெரும்பாலானவை வெள்ளி ஃபர் என்ற மரத்தால் ஆனவை. அந்த மரம் பிரிட்டனில் இயல்பாக வளராது. ஐரோப்பாவிலிருந்து திராட்சை மதுவும் மற்றச் சரக்கும் ஏற்றிவந்த பீப்பாய்களை உடைத்து, பட்டைகளை அறுத்துப் பலகை செய்திருக்கிறார்கள். பலகையின் நடுவைச் சற்றே குடைந்து, கறுப்பு மெழுகு ஊற்றி, இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதுவது வழக்கம். மெழுகைத் தடவி அழித்தால் மறுபடி எழுதலாம். 2,000 ஆண்டில் மெழுகு போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவர்களின் எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தைத் தொட்டிருந்தது.

அந்தக் கீறல்களைத்தான் படிக்கவேண்டும். பலகைகளை முதலில் நீரிலேயே வைத்துக் கழுவினார்கள். பிறகு மரத்தின் உயிரணுக்களில் உள்ள நீருக்குப் பதிலாக மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலை நிரப்பி, உறையவைத்து உலர்த்தினார்கள். இல்லாவிட்டால் காயும்போது சுருங்கி வளைந்துவிடும். பிறகு ஒரே பலகையைப் பல திசைகளிலிருந்து சாய்வாக ஒளி விழச்செய்து படமெடுத்தார்கள். இடமிருந்து ஒளி விழுந்தால் தெரியாத கீறல் மேலிருந்து விழுந்தால் நிழல் கொண்டு எழும். ஒரே பலகையில் நான்கைந்து முறை எழுதியிருந்தால் கீறல்மேல் கீறல் விழுந்து சிக்கலாகிக் கிடக்கும். மர இழையின் வரியையும் எழுத்தையும் பிரித்தறியவேண்டும். இதைச் செய்தவர் ரோஜர் டாம்லின் என்ற அறிஞர். ஒவ்வொரு கோட்டையும் கையால் வரைந்து பார்த்து, எண்பதுக்கும் மேற்பட்ட பலகைகளிலிருந்து சொற்களை மீட்டார். 2016-இல் அவை நூலாக வெளிவந்தன.

அவற்றுள் ஒன்று கடன் சீட்டு. வேனுஸ்டஸ் என்பவரின் விடுவிக்கப்பட்ட அடிமையான டிபுல்லஸ், ஸ்புரியஸின் விடுவிக்கப்பட்ட அடிமையான கிராட்டஸிடம் வாங்கிய சரக்குக்காக 105 டெனாரியஸ் தரவேண்டும் என்று தானே எழுதி ஒப்புக்கொள்கிறார். ரோமானியர் ஆண்டுக்கு எண் இடுவதில்லை. அந்த ஆண்டின் கான்சல்கள் இருவரின் பெயரைச் சொல்வார்கள். இதில் முதல் பெயர் பேரரசன் நீரோவுடையது, அவன் இரண்டாம் முறை அந்தப் பதவியில் இருந்தபோது. ஆகவே கி.பி. 57. நாள், ஜனவரி ஐடஸுக்கு முந்தைய ஆறாம் நாள். ஐடஸ் 13-ஆம் தேதி; இரு முனைகளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 8. பிரிட்டனில் கையால் எழுதப்பட்டு, தேதி தெரிந்த ஆவணங்களில் இதுவே மிகப் பழையது. எழுதியவரும் பணம் பெறவேண்டியவரும் நேற்றுவரை அடிமைகள். இப்போது புதிய துறைமுகத்தில் வணிகம் செய்கிறவர்கள். ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கி அப்போது 14 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இன்னொரு பலகை அதைவிட என்னை ஆழமாகத் தொட்டது. கி.பி. 60 அல்லது 61-இல் பூடிக்கா என்ற அரசியின் தலைமையில் உள்ளூர் இனக்குழுக்கள் கிளர்ந்தெழுந்து, கோல்செஸ்டர், லண்டன், வெருலேமியம் என்ற மூன்று ஊர்களையும் எரித்தன. லண்டனில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் அந்த நெருப்பு தட்டுப்படும். சுவர்ப் பூச்சுக் களிமண் சுட்ட செங்கல்போலச் சிவந்து ஓர் அடுக்காகக் கிடக்கும். இந்தச் சாம்பலிலிருந்து ஊர் எப்போது எழுந்தது? பலகை சொல்கிறது: கி.பி. 62 அக்டோபர் 21. அன்று ஒருவர் வெருலேமியத்திலிருந்து லண்டனுக்கு 20 சுமை உணவுப்பொருளை நவம்பர் 13-க்குள் கொண்டுசேர்க்க ஒப்பந்தம் எழுதியிருக்கிறார். ஒரு சுமைக்குக் கூலி கால் டெனாரியஸ். எரிந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓரிரு ஆண்டுக்குள் சாலை ஓடுகிறது, தானியம் நகர்கிறது, கெடு தேதியோடு ஒப்பந்தம் போட ஆள் இருக்கிறது. மண்ணடுக்கும் பானை ஓடும் ஒரு நிகழ்வைப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் வைக்கும். இங்கே நாள் கிடைத்தது.

லண்டன் என்ற பெயர் இலக்கியத்தில் முதலில் வருவது டாசிட்டஸ் எழுதிய வரலாற்றில், இந்தக் கிளர்ச்சியைச் சொல்லும் இடத்தில். அது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. வால்புரூக் சேற்றிலோ, மொகொன்டியஸ் என்பவருக்கு லண்டன் முகவரியிட்ட பலகை ஒன்று கிடைத்தது, காலம் கி.பி. 65-க்கும் 80-க்கும் இடையே. டாசிட்டஸுக்கு ஒரு தலைமுறை முந்தியது. மதுவடிப்பவர் டெர்டியஸுக்கு ஒரு கடிதம். கொடுத்த கடனை ஊர் முழுவதும் சொல்லித் திரிகிறார்கள் என்று நண்பரை எச்சரிக்கும் ஒரு கடிதம். யாரோ அகரவரிசை எழுதிப் பழகிய ஒரு பலகை. இவற்றில் ஒரு மன்னனும் இல்லை, ஒரு போரும் இல்லை.

இவையெல்லாம் கிரைம்ஸ் நின்ற இடத்திலிருந்து சில மீட்டர் தொலைவில் 1954-இலும் கிடந்தன. அவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்கு யாரும் நான்கு ஆண்டு தரவில்லை.

நகர மண்ணின் காலத்தைச் சொல்ல வேறு வழிகளும் உண்டு. மரவளையங்களை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை மிகுந்த ஆண்டில் ஓக் மரம் அகன்ற வளையம் போடும், வறண்ட ஆண்டில் ஒடுங்கியது. ஒரு வட்டாரத்தின் மரங்கள் எல்லாம் ஒரே வரிசையைக் காட்டும் என்பதால், பழைய உத்தரத்தின் வளையங்களை அளந்து அந்த வரிசையில் பொருத்தலாம். பட்டைக்கு அடுத்த வளையம் மிஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டே தெரியும். வால்புரூக்குக்குப் பக்கத்தில், 1 போல்ட்ரி என்ற மனையில் 1990-களில் தோண்டியபோது, ரோமானிய நெடுஞ்சாலையின் அடியில் ஒரு மர வடிகால் கிடைத்தது. அந்த மரம் கி.பி. 47-இல் வெட்டப்பட்டது. லண்டன் பிறந்த ஆண்டைப் பற்றி நெடுநாள் நடந்த விவாதத்துக்கு ஒரு சாக்கடைப் பலகை பிடி கொடுத்தது.

கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வு எப்போதும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. ரயில் பாதை போகிற இடத்தில், வங்கி வருகிற இடத்தில் தோண்டவேண்டும். அதனால்தான் ஆய்வாளர் தேடிப் போகாத கேள்விகளுக்கும் பதில் வருகிறது. கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையைப் புதுப்பித்தபோது, அதன் அடியில் இருந்த இடைக்கால மருத்துவமனைக் கல்லறையிலிருந்து சுமார் 10,500 எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் பல, பத்து இருபது உடல்களை ஒரே குழியில் அடுக்கிய கூட்டுப் புதைகுழிகளில் கிடந்தவை. 1348-இல் வந்த கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்றே எல்லாரும் முதலில் எண்ணினார்கள். கார்பன் காலக்கணிப்பு அவற்றில் பெரிய குழிகளை 1250-களை ஒட்டி வைத்தது, கொள்ளைநோய்க்கு ஒரு நூற்றாண்டு முன்பு. அந்தக் காலத்தில் லண்டனில் பெரும் பஞ்சம் வந்ததைத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்: மழை, குளிர், விளைச்சல் அழிவு, தெருவில் பிணங்கள். துருவப் பனியின் அடுக்குகளில் 1257-ஐ ஒட்டி மிகப் பெரிய எரிமலை வெடிப்பின் கந்தகம் பதிவாகியிருந்தது. எந்த எரிமலை என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2013-இல் அது இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள சமாலஸ் என்று கண்டுபிடிக்கப்பட்டது. கார்பன் கணிப்பு ஓரிரு பத்தாண்டு இடைவெளியைத்தான் தரும் என்பதால், அந்தக் குழிகள் அத்தனையும் அந்தப் பஞ்சத்தின் விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூமியின் மறுபக்கத்து எரிமலையையும் ஒரு சந்தைக்கடியில் உள்ள ஏழைகளின் எலும்பையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவர முடிந்ததே, அது சாதாரணக் காரியமா?

லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் புதிய பாதைக்காகத் தோண்டியபோதும் அப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டு முதல் ஏழைகளைப் புதைத்த இடத்திலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட உடல்கள் வந்தன. ஒரு கூட்டுக்குழியில் கிடந்தவர்களுள் 20 பேரின் பற்களைச் சோதித்ததில் ஐவரிடம் கொள்ளைநோய்க் கிருமியின் மரபணு கிடைத்தது. 1665-இன் பெருங்கொள்ளைநோய்க்குக் காரணம் அந்தக் கிருமிதான் என்று 2016-இல் உறுதியாயிற்று. பல்லின் உட்குழியில் இரத்தம் பாய்ந்த இடம் இருக்கிறது; அங்கே தங்கிய கிருமியின் துணுக்கு 350 ஆண்டு தாங்கியது.

இந்த முறையில் குறைகளும் இருக்கின்றன. அழிப்பவரே பணம் தருகிறார் என்றால், யாரிடம் வேலை தருவது என்பதையும் அவரே முடிவுசெய்கிறார். அகழாய்வுக் குழுக்கள் விலைப்புள்ளி கொடுத்துப் போட்டியிடுகின்றன. குறைந்த விலை கேட்பவர் முந்தும்போது களத்தில் நிற்பவரின் சம்பளமும் நாளும் குறைகின்றன. தோண்டும் வரை ஓடும் பணம், எழுதும்போது வற்றிவிடுவதும் உண்டு; எத்தனையோ மனைகளின் அறிக்கை சில பிரதிகளோடு அலமாரியில் கிடக்கிறது. எடுத்த பொருளையும் வரைந்த தாளையும் என்றென்றைக்கும் வைத்துக் காக்க இடமும் ஆளும் வேண்டும், அதற்குக் கட்டடக்காரர் ஒருமுறை தரும் தொகை போதாது. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தோண்டாமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதே சிறந்த பாதுகாப்பு என்ற கொள்கைப்படி, பல மனைகளில் பைல் என்ற ஆழத் தூண்களை மட்டும் இறக்கிவிட்டு இடைவெளி மண்ணைத் தொடாமல் விடுகிறார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் அந்தச் சேற்றுக்குள் காற்று புகும். மேலே கட்டடம் நிற்க, கீழே யாரும் பார்க்காமல் மரமும் தோலும் கரைந்துகொண்டிருக்கலாம். விட்டுவைத்ததை அளந்து பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எல்லா ஒப்பந்தங்களும் எழுதிவைப்பதில்லை. அங்கே குழாய் இறக்கி நீர்மட்டத்தையும் உயிர்வளியின் அளவையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பது, அகழாய்வைப் போலவே அனுமதியின் கட்டாய நிபந்தனையாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மித்ரஸ் கோயிலின் கற்கள் 2017 நவம்பரில் வால்புரூக்குக்குத் திரும்பின. புளூம்பெர்க் கட்டடத்தின் அடியில், தெருவுக்கு 7 மீட்டர் கீழே, பழைய இடத்துக்கு மிக அருகில், கிரைம்ஸின் குறிப்புகளையும் படங்களையும் வைத்து மறுபடி அமைத்தார்கள். சிமெண்டை உடைத்தெடுத்து ரோமானியர் கலந்த வகையில் சுண்ணாம்புக் கலவை பூசினார்கள். அகழாய்வில் கிடைத்த பொருட்களில் பலவற்றை நுழைவுக் கூடத்தில் காணலாம்; நுழைவுக் கட்டணம் இல்லை.

2025 பிப்ரவரியில், அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிரேஸ்சர்ச் தெரு 85-ஆம் எண் கட்டடத்தில், ரோமானிய லண்டனின் முதல் பசிலிக்காவின் அடிச்சுவர்கள் கிடைத்த செய்தி வெளியானது. கி.பி. 80-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, நகரின் வழக்குகளையும் ஆட்சியையும் நடத்திய மாபெரும் கூடம். பழைய அலுவலகக் கட்டடம் அப்போது இடிக்கப்பட்டிருக்கவில்லை. அதன் கீழ்த்தளத்தில் சோதனைக் குழிகள் மட்டும் போட்டுப் பார்த்திருந்தார்கள். பத்து மீட்டருக்கும் நீளமான சுவர்த்துண்டுகள் தென்பட்டதும், புதிய கட்டடத்தின் வரைபடத்தைத் திருத்தி, அந்தச் சுவர்களைப் பொதுமக்கள் இறங்கிப் பார்க்கும்படி அமைக்க உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள்.